கண்ணாடியைக் கைவிட அறுவை சிகிச்சை: டாக்டரைத் தேர்ந்தெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் 16 ஆண்டுகளாகப் பவர் பார்த்து வருகிறேன். நான் ஆப்டோமெட்ரிஸ்ட், டாக்டர் இல்லை. ஆனால் லேசருக்குப் போகும் முன்பும், போய்வந்த பிறகும் மக்கள் வந்து உட்காருவது என் எதிரில் இருக்கும் நாற்காலியில்தான். ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதால், அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்னவை வேண்டும்.

லேசிக் என்றால் கண்ணில் என்னதான் செய்கிறார்கள்?

கைக்கடிகாரத்தின் மேல் கண்ணாடி மூடியிருப்பது போல, கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் தெளிவான பாகம்தான் கருவிழி. கண்ணின் மொத்தப் பவரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதன் வளைவிலிருந்து வருகிறது. அந்த வளைவைச் சற்றுத் தட்டையாக்கினால் கிட்டப்பார்வை சரியாகும். லேசிக்கில் கருவிழியின் மேலடுக்கை மெல்லிய மூடிபோலத் திறந்து, அடியில் இருக்கும் திசுவை எக்சைமர் லேசரால் சீவிவிட்டு, மூடியைத் திரும்பப் படியவைக்கிறார்கள். சீவிய திசு மறுபடி வளராது. டாக்டரைத் தேர்ந்தெடுப்பதில் இத்தனை கவனம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் காரணம் அதுதான்.

இந்த லேசர் உயிர்த்திசுவைக் கருக்காமல் நுட்பமாகச் செதுக்கும் என்று கண்டறிந்தவர்களில் ஒருவர், 1929இல் சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். 1981இல் அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியின் மீது அதைச் சோதித்துப் பார்த்தார். 1983இல் ஸ்டீபன் டிரோக்கல் என்ற கண் மருத்துவரும் அவரும் சேர்ந்து கருவிழியில் இதைப் பயன்படுத்தும் வழியை வெளியிட்டார்கள். பயந்துகொண்டு வருகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

லேசிக், பிஆர்கே, ஸ்மைல், ஐசிஎல் என்று நான்கு பெயர் சொல்கிறார்கள். எதைக் கேட்டு வாங்குவது?

கேட்டு வாங்குகிற பொருள் இல்லை இது. பிஆர்கேயில் மூடி திறப்பதில்லை. மேல்தோலை அகற்றிவிட்டு லேசர் படுகிறது. அதனால் முதல் சில நாட்கள் வலியும் மங்கலும் கூடுதல், மெலிந்த கருவிழிக்கு ஆபத்து குறைவு. ஸ்மைலில் கருவிழிக்குள்ளேயே ஒரு மெல்லிய வில்லையை லேசரால் வெட்டி, சில மில்லிமீட்டர் துளை வழியாக உருவி எடுக்கிறார்கள். ஐசிஎல்லில் கருவிழியைச் சீவுவதே இல்லை. கண்ணுக்குள் இயற்கை லென்ஸுக்கு முன்னால் ஒரு மெல்லிய லென்ஸை வைக்கிறார்கள். மிக அதிகப் பவர் இருப்பவர்களுக்கும் கருவிழி மெலிந்தவர்களுக்கும் அது பொருந்தக்கூடும்.

உங்கள் கண்ணுக்கு எது என்று பரிசோதனை சொல்ல வேண்டும். நான்கையும் செய்யத் தெரிந்த இடத்துக்குப் போவது நல்லது. ஒன்றை மட்டும் வைத்திருப்பவருக்கு எல்லாக் கண்ணும் அந்த ஒன்றுக்கே பொருத்தமாகத் தெரியும்.

கண் டாக்டர் என்றால் எல்லோரும் இதைச் செய்வார்களா?

மாட்டார்கள். எம்பிபிஎஸ் முடித்து, கண் மருத்துவத்தில் எம்எஸ், டிஎன்பி அல்லது டிஓ படித்தவர் கண் டாக்டர். அவர்களில் சிலர் விழித்திரை பார்ப்பார்கள், சிலர் கண்புரை, சிலர் குழந்தைகளின் கண். நமக்கு வேண்டியவர் கருவிழியிலும் பார்வைத் திருத்தத்திலும் தனியாகப் பயிற்சி பெற்றவர். ஃபெலோஷிப் என்று பெயர்ப்பலகையில் போட்டிருக்கும். எந்தத் துறையில், எந்த மருத்துவமனையில் என்று கேளுங்கள். நம் மாநிலத்தில் மதுரை அரவிந்த் 1976இலும் சென்னை சங்கர நேத்ராலயா 1978இலும் தொடங்கின. இப்படிப் பயிற்சி தரும் நிறுவனங்கள் பக்கத்திலேயே இருப்பதால் முறையாகக் கற்றவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை.

பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் சரிபார்க்கலாம். என்னைப் போன்ற ஆப்டோமெட்ரிஸ்டுகள் பவரை அளக்கலாம், சந்தேகப்பட்டு அனுப்பலாம். அறுவை சிகிச்சைக்குத் தகுதி என்று முடிவு சொல்ல எங்களுக்கு உரிமை கிடையாது.

நல்ல டாக்டர் என்று எப்படி அக்கா தெரிந்துகொள்வது?

அவர் யாரை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறார் என்று விசாரியுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொறியியல் மாணவனை அவன் அம்மா அழைத்துவந்தார். வயது 21. ஓர் இடத்தில் லேசிக்குக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள்; அதுவரை போட்டுக்கொள்ள விலை குறைந்த கண்ணாடி போதும் என்றார். பழைய சீட்டுகளை வாங்கிப் பார்த்தேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிலிண்டர் பவர், அதாவது கருவிழியின் சீரற்ற வளைவைச் சரிக்கட்டும் பவர், ஏறியிருந்தது. பேசிக்கொண்டே இருந்தவன் விரல் முட்டியால் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தான். கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பவர் பார்க்கும் ரெட்டினாஸ்கோப்பில் பார்த்தால் நிழல் நேராக ஓடாமல் கத்தரிக்கோல் திறந்து மூடுவது போல ஆடியது.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்றே கருவிழி டாக்டர் ஒருவரிடம் அனுப்பினேன். கருவிழி வரைபடத்தில் கீழ்ப்பாதி புடைத்திருந்தது. கெரட்டோகோனஸ், அதாவது கருவிழி மெலிந்து கூம்பாகிக்கொண்டே போகும் நோய். அந்தக் கண்ணில் லேசிக் செய்திருந்தால் நோய் பாய்ச்சலெடுத்திருக்கும். சி3ஆர் என்று சொல்லும் சிகிச்சையில், வைட்டமின் பி2 சொட்டுவிட்டுப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சிக் கருவிழியை இறுக்கினார்கள். இப்போது கடின வகைக் கான்டாக்ட் லென்ஸ் போட்டு வேலைக்குப் போகிறான்.

தேதி கொடுத்த இடத்தில் மெஷின் இருந்தது, படித்த டாக்டர் இருந்தார். பழைய சீட்டைக் கேட்கவும், கண்ணைக் கசக்குவாயா என்று கேட்கவும் ஆள் இல்லை. அதனால்தான் சொல்கிறேன்: கையின் திறமை அவசியம், ஆனால் அதைவிட முன்னால் வருவது பொருந்தாத கண்ணைப் பிடித்து நிறுத்தும் கவனம். "போன மாதம் எத்தனை பேருக்கு வேண்டாம் என்று சொன்னீர்கள், என்ன காரணத்துக்காக?" என்று கேட்டால் நல்ல டாக்டர் தயங்காமல் சொல்வார். யாரையும் திருப்பி அனுப்பியதில்லை என்று பெருமையாகச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

முன்பரிசோதனை என்று அரை நாள் உட்காரவைக்கிறார்கள். அவ்வளவு தேவையா?

தேவை. அரை மணியில் முடித்தால்தான் கவலைப்பட வேண்டும். கருவிழியின் முன்பின் இரு பரப்புகளின் வரைபடம், கனம், கண்ணீர்ச் சுரப்பு, இருட்டில் கண்மணி விரியும் அளவு, கண் அழுத்தம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சொட்டு மருந்து விட்டு ஒரு முறை பவரும், விரித்த கண்மணி வழியாக விழித்திரையின் ஓரமும் பார்க்க வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவராக இருந்தால் மென் லென்ஸை ஒன்றிரண்டு வாரமும், கடின லென்ஸை அதைவிட நீண்ட நாளும் கழற்றி வைத்த பிறகே அளவெடுக்க வேண்டும். லென்ஸ் கருவிழியை அழுத்தி வடிவத்தை மாற்றியிருக்கும். காலையில் லென்ஸைக் கழற்றிவிட்டு வந்தவருக்கு மதியமே அளவெடுக்கும் இடம் சரியான இடமில்லை.

கணக்கும் போட்டுப் பாருங்கள். கருவிழியின் நடுக்கனம் சராசரியாக 540 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). லேசிக் மூடிக்கு 110 வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பவரைக் குறைக்க ஏறத்தாழ 14 மைக்ரான் சீவ வேண்டும். மைனஸ் 5 என்றால் 70 போகும்; அடியில் 360 மிஞ்சும், நிம்மதி. கனம் 480, பவர் மைனஸ் 8 என்றால் மிஞ்சுவது 258. குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது பழைய எல்லை. 300க்குக் கீழே போகவே பல டாக்டர்கள் விரும்புவதில்லை. இந்தக் கணக்கை உங்கள் எண்களோடு காகிதத்தில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டும்போது அவர் பேசும் விதத்திலிருந்தே ஆளைப் புரிந்துகொள்ளலாம்.

இதுவரை எத்தனை ஆபரேஷன் செய்திருக்கிறீர்கள் என்று கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

நம் ஊரில் டாக்டரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. பணிவாகக் கேட்கலாம், ஆனால் கேட்டே ஆக வேண்டும். மொத்த எண்ணிக்கையைவிட, எனக்குச் சொல்லும் இதே முறையில், என் அளவு பவரில் எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஆயிரம் லேசிக் செய்தவருக்கும் முதல் ஸ்மைல் புதிதுதான்.

இன்னும் மூன்று கேள்விகள். எத்தனை பேருக்கு இரண்டாம் முறை சீர்செய்ய வேண்டியிருந்தது? உங்களிடம் வந்தவர்களுக்கு நேர்ந்த மோசமான சிக்கல் எது, அதை எப்படிச் சமாளித்தீர்கள்? உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கண் என்றால் என்ன செய்வீர்கள்? இரண்டாவது கேள்விக்கு "எனக்குச் சிக்கலே வந்ததில்லை" என்று பதில் வந்தால், அவர் செய்த எண்ணிக்கை மிகக் குறைவு அல்லது செய்தவர்களைத் திரும்பப் பார்ப்பதில்லை என்று பொருள்.

அங்கே புது மெஷின் வந்திருக்கிறதாமே, அதற்காகவே போகலாமா?

மெஷினுக்காக மட்டும் போக வேண்டாம். பழைய பிளேடு முறையைவிட லேசரால் மூடி வெட்டுவது கனத்தில் சீரானது. அந்த வேறுபாடு உண்மை. அதைத் தாண்டி, ஒவ்வோர் ஆண்டும் மாறும் மாடல் பெயர்களில் உங்களுக்குத் தெரியும்படியான வேறுபாடு சிறிது. மெஷின் அந்த மருத்துவமனைக்கே சொந்தமா, எப்போதாவது வந்து போகிறதா, அதில் இந்த டாக்டர் எவ்வளவு காலமாக வேலை செய்கிறார் என்பவை பயனுள்ள கேள்விகள்.

ஒருவர் பரிசோதித்தார், ஒரு பெண் உட்காரவைத்துப் பேசினார், ஆபரேஷனை இன்னொருவர் செய்வாராம். பரவாயில்லையா?

பரிசோதனைகளை உதவியாளர்கள் செய்வது வழக்கம்தான். பேசியவர் கவுன்சிலர், அதாவது வருகிறவர்களிடம் பேச மருத்துவமனை வைத்திருக்கும் ஊழியர். விலை, தேதி, தவணை எல்லாம் சொல்வார். சில இடங்களில் அவர்களுக்கு மாத இலக்கு இருக்கிறது. அவர்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் "இன்றே பதிவு செய்தால் தள்ளுபடி" என்ற பேச்சு மருத்துவப் பேச்சு கிடையாது.

கத்தியைப் பிடிக்கப் போகிறவர் அதற்கு முந்தைய ஒரு நாளில் உங்கள் வரைபடத்தை எதிரில் வைத்துக்கொண்டு உங்களோடு பேசியிருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அவர் பெயர் ஒப்புதல் படிவத்தில் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

ஓர் இடத்தில் முப்பத்தைந்தாயிரம், இன்னோர் இடத்தில் ஒரு லட்சத்துக்கு மேல். ஏன் இந்த வித்தியாசம்? இன்சூரன்ஸில் கிடைக்குமா?

முறை மாறினால் விலை மாறும்: பிளேடு லேசிக் குறைவு, ஸ்மைல் அதிகம், ஐசிஎல்லில் லென்ஸின் விலையும் சேரும். சொன்ன தொகைக்குள் எது அடங்கும் என்று எழுதி வாங்குங்கள். முன்பரிசோதனை, இரண்டு கண், சொட்டு மருந்து, ஓராண்டு மறுபரிசோதனை, தேவைப்பட்டால் இரண்டாம் முறை சீர்செய்தல் என எல்லாம் சேர்ந்த ஒரு லட்சம், எதுவும் சேராத அறுபதாயிரத்தைவிட மலிவாக முடியலாம்.

இன்சூரன்ஸைப் பொறுத்தவரை, இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டின் பொதுவான விலக்கு விதிப்படி 7.5 டயாப்டருக்கு (டயாப்டர் என்பது பவரின் அலகு) குறைந்த பவரைத் திருத்தும் செலவு சேராது. அதற்கு மேல் இருப்பவர்கள் தங்கள் பாலிசியைப் படித்துவிட்டு, முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெறுவது நல்லது.

அந்த டாக்டரே கண்ணாடி போட்டிருக்கிறார். அவருக்கே நம்பிக்கை இல்லையா?

வாரம் ஒருவராவது கேட்கும் கேள்வி. 40 வயதைத் தாண்டியவருக்கு வெள்ளெழுத்து வரும். லேசிக் அதைத் தடுக்காது. உங்களுக்கும் அந்த வயதில் படிக்கும் கண்ணாடி வரும் என்று உங்கள் டாக்டர் சொன்னாரா என்பதைத்தான் நான் திருப்பிக் கேட்பேன். அவர் கருவிழியே பொருந்தாததாகவும் இருக்கலாம். அப்படியானால் அவர் சொந்தக் கண்ணிலும் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்.

பெண்ணுக்கு அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். அதற்குள் முடித்துவிட முடியுமா அம்மா?

நாள் குறித்துக்கொண்டு கண்ணைச் செய்யாதீர்கள். வயது 18 தாண்டியிருக்க வேண்டும், ஓராண்டாவது பவர் மாறாமல் நின்றிருக்க வேண்டும். கருவுற்றிருக்கும்போதும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் பவர் ஆடும் என்பதால் தள்ளிவைப்பார்கள். கட்டுப்படாத சர்க்கரை நோய், முடக்குவாதம் போன்ற நோய்கள், முகப்பருவுக்குச் சாப்பிடும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எல்லாவற்றையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக ஓராண்டுப் பவர் சீட்டை மறைத்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு மைனஸ் ஒன்றரை திரும்பி வந்தது. அவசரம் என்று தெரிந்தும் தேதி கொடுக்கும் டாக்டரைவிட, கல்யாணம் முடிந்து வாருங்கள் என்பவரிடம் மகளை ஒப்படையுங்கள்.

ஒரு டாக்டர் முடியாது என்றார், இன்னொருவர் தாராளமாகச் செய்யலாம் என்கிறார். யாரை நம்புவது?

முடியாது என்றவரிடம் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். கருவிழி வரைபடத்தின் நகலையும் கேளுங்கள். 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிமுறைகளின்படி நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும், தயக்கம் வேண்டாம். அந்தக் காகிதத்தோடு, லேசர் செய்வதால் வருமானம் எதுவும் இல்லாத ஒரு கருவிழி டாக்டரிடம் மூன்றாம் கருத்துக் கேளுங்கள்.

சில நேரம் இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கும்: லேசிக் முடியாது என்றவர் சொன்னது மேலே போட்ட கனக் கணக்கைப் பார்த்து, செய்யலாம் என்றவர் மனத்தில் இருந்தது ஐசிஎல். ஆனால் முதலாமவர் கெரட்டோகோனஸ் சந்தேகத்தால் மறுத்திருந்தால், இரண்டாமவர் அந்தச் சந்தேகம் ஏன் தவறு என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். காட்டாமல் சிரித்துச் சமாளித்தால் முதலாமவர் பேச்சையே கேளுங்கள்.

ரிஸ்க்கே இல்லை என்கிறார்கள். உண்மையா?

பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடுதான் திரும்பி வருகிறார்கள். அதை என் நாற்காலியிலிருந்தே பார்க்கிறேன். ஆனால் ரிஸ்க் இல்லை என்பது பொய். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பங்கேற்று நடத்திய ஆய்வுகளில், லேசிக்குக்கு முன் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில் 46 சதவீதம் வரை மூன்றாம் மாதத்தில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம், கூச்சம், இரட்டைப் பிம்பம் போன்ற ஏதேனும் ஒன்று புதிதாகத் தெரிவதாகச் சொன்னார்கள். கண் உலர்வு இல்லாதிருந்தவர்களில் 28 சதவீதம் வரை உலர்வு உணர்ந்தார்கள். அன்றாட வேலைக்கே பெரிதும் இடையூறு என்றவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

இரவில் லாரி ஓட்டுபவருக்கும், நாள் முழுக்கக் கணினி முன் உட்காருபவருக்கும் இந்த எண்கள் ஒரே பொருள் தருவதில்லை. உங்கள் வேலை என்ன என்று கேட்காமலே ஆலோசனை முடிந்துவிட்டால், ஆலோசனையே நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ரயில்வே, ராணுவம் என்று தேர்வு எழுதுகிறேன். லேசிக் செய்தால் வேலை கிடைக்குமா?

துணை லோகோ பைலட், அதாவது ரயில் ஓட்டுநருக்குத் துணையாக இருப்பவர், வேலைக்கான ஏ1 மருத்துவத் தகுதியில் கண்ணாடியும் கூடாது, லேசிக் செய்திருக்கவும் கூடாது. படைப் பிரிவுகள் சிலவற்றில் செய்தபோதைய வயது, அதன்பின் கழிந்த மாதங்கள், முன்பிருந்த பவர் போன்ற நிபந்தனைகளோடு ஏற்கிறார்கள். உங்கள் அறிவிப்பின் மருத்துவப் பகுதியை அச்செடுத்துக்கொண்டு போய் டாக்டர் முன் வையுங்கள். "அதெல்லாம் கண்டுபிடிக்க மாட்டார்கள்" என்று சொல்பவர் உங்கள் வாழ்க்கையோடு விளையாடுகிறார். கருவிழி வரைபடம் எடுத்தால் தெரிந்துவிடும்.

சென்னையில் செய்துகொண்டு மறுநாளே ஊர் திரும்பலாமா?

மறுநாள் பரிசோதனை முடிந்து திரும்பலாம். ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் என்று திரும்பப் போக உங்களால் முடியுமா என்பதை முதலிலேயே யோசியுங்கள். நள்ளிரவில் கண் சிவந்து வலித்தால் யாரை அழைப்பது, திருச்சியில் உங்களைப் பார்க்கப் போகும் கருவிழி டாக்டர் யார் என்ற இரண்டுக்கும் பெயரும் எண்ணும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள். ஊரிலேயே சமமான டாக்டர் இருந்தால் நான் ஊரைத்தான் சொல்வேன்.

கண்ணாடி போய்விட்டது. இனிக் கண் டாக்டரிடம் போக வேண்டியதில்லையே?

போன ஆண்டு வரை இப்படி நினைத்திருந்த ஒருவர் விழித்திரை கிழிந்த பிறகுதான் வந்தார். லேசர் மாற்றியது கருவிழியை மட்டும். கிட்டப்பார்வைக் கண் நீண்ட கண். உள்ளே விழித்திரை இழுபட்டு மெலிந்தபடியேதான் இருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை கண்மணியை விரித்துப் பார்க்க வேண்டும். திடீரென மின்னல் அடித்தாலோ கரும்புள்ளிகள் மிதந்தாலோ அன்றே போக வேண்டும். கருவிழி மெலிந்ததால் கண் அழுத்தமும் கருவியில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். லேசிக் செய்தவர் என்று சொல்லாவிட்டால் உயர் அழுத்தம் கண்ணில் படாமல் போகலாம்.

அறுபது வயதில் கண்புரை வந்தால் இன்னொன்று. உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கருவிழி வளைவை வைத்துக் கணக்கிடுகிறார்கள். சீவிய கருவிழியில் வழக்கமான கணக்கு பிசகும். அந்த நாளில் உங்கள் பழைய பவர், பழைய வளைவு, பழைய கனம், எவ்வளவு சீவினார்கள் என்ற நான்கும் இருந்தால் அந்த டாக்டருக்குப் பெரிய உதவி. மருத்துவமனை அதுவரை கோப்பை வைத்திருக்கும் என்று நம்ப வேண்டாம். கேட்காமலே இந்தக் காகிதங்களை உறையில் போட்டுக் கொடுக்கும் டாக்டர்கள் உண்டு. உங்களுடையவர் கொடுக்காவிட்டால் கேட்டு வாங்கி, வீட்டில் பத்திரமும் ஜாதகமும் இருக்கும் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.